எலுமிச்சம்பழம் உருண்ட மூலை

மேடை சாய்ந்தது. யாரால் என்று கேட்டால் அந்த ஏரியில் நீந்தும் வாத்துகூட அண்ணனைத்தான் கைகாட்டும். வாத்துக்குக் கை கிடையாது என்பது வேறு விஷயம்.

கரையிலிருந்து ஏரிக்குள் நீளும் மிதவை மேடை அது. மேலே பலகை, அடியில் கட்டை கட்டையாகத் தெர்மாகோல், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். இரண்டு பக்கமும் துடுப்புப் படகும் மிதிபடகும் மோட்டார் படகும் கட்டிக் கிடக்கும், எல்லாம் வாடகைக்கு. மேடையின் கடைசியில், வலது மூலையில், அண்ணனின் டீக்கடை. கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நீள மேசை, மின்சார பாய்லர், கண்ணாடி கிளாஸ்கள், பிஸ்கட் டப்பா, எலுமிச்சை டீ போடுவதற்கு ஒரு கூடைப் பழம். நடுவே அண்ணன். அவரை மட்டும் பெரிதாகவே நினைத்துக்கொள்ளலாம்.

படகுத்துறை அவருடைய தங்கச்சியினுடையது. டிக்கெட் கொடுப்பது, லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது, நேரம் தாண்டிச் சுற்றுகிறவர்களை விசில் அடித்துக் கூப்பிடுவது, எல்லாம் அவள் ராஜ்யம். மோட்டார்களைப் பார்த்துக்கொள்வது அவள் வீட்டுக்காரர். அண்ணனுக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு இவர் மச்சான். இந்த உறவில் கிண்டலுக்கு அளவு உண்டா என்ன? மாப்பிள்ளையின் வேலைமேசை டீக்கடையிலிருந்து பத்தடி தள்ளி, அதே வலது ஓரத்தில். கையில் ஸ்பேனரும் வாயில் கேலியுமாக நாள் முழுக்க அங்கேதான் இருப்பார்.

கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் தவறி விழுந்தால் போதும். பலகையில் உருண்டு உருண்டு, யாரோ விலாசம் சொல்லி அனுப்பிய மாதிரி, நேரே அண்ணன் காலடியில் வந்து நிற்கும்.

"பாருங்க மச்சான், பழத்துக்குக்கூட உங்க மேல எவ்வளவு பாசம்" என்பார் மாப்பிள்ளை.

கரையில், டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் ஒரு எடை மிஷின் உண்டு. எந்தப் படகில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று கணக்குப் பார்க்க வைத்தது. அதில் தினமும் காலையில் அண்ணனை ஏற்றி, முள் ஓடுகிற ஓட்டத்தை வேடிக்கை பார்ப்பது குடும்பத்துக்கு ஒரு பொழுதுபோக்கு. "மிஷின் லீவு கேக்குது மச்சான்" என்பார் மாப்பிள்ளை. எல்லோரையும்விடச் சத்தமாக அண்ணன்தான் சிரிப்பார். சிரிக்கிற ஆளுக்கு வலிக்காது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அப்படி நினைத்துக்கொள்வதில்தான் எவ்வளவு சௌகரியம்.

வலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த மூலை இருக்கிறதே, அது எல்லா வலிக்கும் மருந்து. மூன்று பக்கமும் தண்ணீர். காலையில் பனி விலகும்போது முதலில் தெரிவது அண்ணனின் பாய்லரிலிருந்து வரும் ஆவிதான். துடுப்புப் போட்டுக் கை கொப்பளித்து, முகம் சிவந்து, "இனிமே ஜென்மத்துக்கும் படகு வேண்டாம்டா சாமி" என்று திரும்புகிறவர்கள் கால் வைக்கும் முதல் இடம் அது. ஒரு கிளாஸ் டீ உள்ளே போனதும் அதே ஆட்கள் அடுத்த சுற்றுக்கு டிக்கெட் கேட்பார்கள். அந்த மாற்றத்தைப் பார்ப்பதில் அண்ணனுக்கு அலுப்பே வந்ததில்லை. கோரைப் புதரில் குடியிருந்த நீர்க்கோழி ஒன்றும் வாடிக்கைதான். பிஸ்கட் தூளுக்காகத் தலையை ஆட்டி ஆட்டி வரும்.

இப்போது தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். காற்றடித்த மறுநாள் பார்த்தால் கோரைப் புதரில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜவ்வரிசியைக் கொட்டி வைத்த மாதிரி. தெர்மாகோல் உதிரி. அவள் குனிந்து குனிந்து பொறுக்குவாள், அடுத்த காற்றில் மறுபடியும் வரும். நீர்க்கோழி அதைத் தீனி என்று நினைத்துக் கொத்துவதை அண்ணனே ஒருநாள் பார்த்துவிட்டார். கையைத் தட்டி விரட்டினார். அது கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பிஸ்கட்டுக்கு வரவில்லை.

"எவனோ பிக்னிக் வர்றவன்தான் பெட்டியும் கப்புமா கொண்டுவந்து போட்டுட்டுப் போறான்" என்று தங்கச்சி தீர்ப்பு எழுதினாள். பலகை ஒன்றில் பெரிய எழுத்தில் 'தெர்மாகோலுக்கு இங்கே இடமில்லை' என்று எழுதி மேடையின் வாசலிலேயே நட்டாள். பை பையாகச் சோதனை போட்டாள். கடைசியில் மாட்டியது யார் தெரியுமா? பாவம், தூண்டில்காரர்.

தூண்டில்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷர். தினமும் அண்ணன் கடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தூண்டில் போடுவார். மீன் கிடைப்பது அபூர்வம், பேச்சு கிடைப்பது நிச்சயம். ஐஸ் வைக்க ஒரு தெர்மாகோல் பெட்டி வைத்திருந்தார். நீலப் பெட்டி.

"அம்மா, என் பெட்டி நீலம்" என்றார் அவர், பொறுமையாக. "அங்க கிடக்குறது வெள்ளை."

"வெயில்ல வெளுத்திருக்கும்" என்றாள் தங்கச்சி.

இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன பேச முடியும்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்விட்டார். அங்கிருந்து இந்தப் பக்கத்தை முறைத்தபடி மீன் பிடித்தார். இந்தக் கரையில் அண்ணன் கிளாஸைத் தூக்கிக் காட்டுவார், அந்தக் கரையில் அவர் தூண்டிலைத் தூக்கிக் காட்டுவார். அவ்வளவோடு நின்றுபோனது சிநேகம்.

மேடையோ நாளுக்கு நாள் வலது பக்கம் தாழ்ந்துகொண்டே வந்தது. ஒரு மோட்டார் படகு வேகமாகப் போனால் போதும், அலை மூலையில் ஏறி அண்ணனின் செருப்பை நனைக்கும். பள்ளி விடுமுறை நெருங்கியது. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வரும் காலம். தங்கச்சி ஒருநாள் டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"அண்ணே, கோவிச்சுக்காத. கடையைக் கரைக்கு மாத்திடலாம். வண்டி நிறுத்துற இடத்துக்குப் பக்கத்துல நிழல் இருக்கு."

வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை. அதன் பின்சுவரைப் பார்த்தபடி நின்று டீ ஆற்ற வேண்டும். அண்ணன் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"என் பாரம்தானே பிரச்சனை? நான் இளைச்சுக் காட்டுறேன். விடுமுறை வர்ற வரைக்கும் டைம் குடு."

"நீங்களா?" என்றார் மாப்பிள்ளை. அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அண்ணனின் தவம். காலையில் அரை ரொட்டி, மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி சூப் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு வெந்நீர். டீயில் சர்க்கரை இல்லை. ஊருக்கெல்லாம் இனிப்பாக டீ போட்டுக் கொடுத்துவிட்டு, தான் கசப்பாகக் குடிக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்? சாப்பாட்டு மேசையில் அண்ணன் ஒதுக்கிய சோறும் முட்டைப் பொரியலும் மாப்பிள்ளையின் தட்டுக்கு இடம் மாறின. "வீணாகக் கூடாதுன்னுதான் மச்சான்" என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சமாதானம் வேறு.

ஆள் நிஜமாகவே இளைத்தார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டார், பிறகு இன்னொன்று. சட்டை தோளில் தொங்கியது. மிஷின் முள் சமர்த்தாகப் பாதி வழியிலேயே நின்றது. எல்லாம் சரி, அந்தப் பாழாய்ப்போன எலுமிச்சம்பழம் மட்டும் முன்னைவிட வேகமாக உருண்டது.

தங்கச்சிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அண்ணே, உண்மையைச் சொல்லு. ஒளிச்சு வச்சுச் சாப்பிடுறியா?"

அண்ணன் கரைக்கு நடந்து, தானாகவே போய் மிஷினில் ஏறி நின்றார். தங்கச்சி முள்ளைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். தூரத்தில் சாய்ந்து கிடந்த மேடையைப் பார்த்தாள்.

"மிஷின் கெட்டுப்போச்சு" என்றாள்.

அட, கேளுங்கள் இந்தக் கூத்தை. மாப்பிள்ளை மிஷினைப் பிரித்து, எண்ணெய் போட்டு, தன்னையே நிறுத்திப் பார்த்து, அது காட்டிய எண்ணில் முகம் மாறி, "ஆமா, கெட்டுத்தான் போச்சு" என்று அடித்துச் சொன்னார். அன்று அண்ணன் சிரிக்கவில்லை. வயிறு காய்ந்ததுகூடப் பெரிதில்லை. கூடப் பிறந்தவள் தன்னைத் திருடன் மாதிரி பார்த்துவிட்டாளே என்பதுதான் அவரைக் குடைந்தது. பாய்லரைத் துடைத்தார், துடைத்த பாய்லரையே திரும்பவும் துடைத்தார்.

விடுமுறைக்கு முந்தின நாள் வந்தது. கடையை நகர்த்தும் நாள். தங்கச்சி கயிறும் தள்ளுவண்டியுமாகக் காலையிலேயே ஆயத்தம். அண்ணன் கிளாஸ்களைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்கினார். கடைசியாக ஒருமுறை மூன்று பக்கத் தண்ணீரையும் பார்த்துக்கொண்டார். கண் கரித்தது. பாய்லர் ஆவி என்று சொல்லவும் வழியில்லை, பாய்லரைத்தான் அணைத்தாயிற்றே.

பத்தடி தள்ளி மாப்பிள்ளை ஒரு தகரத் தட்டில் பெட்ரோலை ஊற்றி, கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு காற்று. கோரைப் பக்கமிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு தெர்மாகோல் துண்டு பறந்து வந்து தட்டில் விழுந்தது.

விழுந்தது, காணாமல் போனது.

அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிட்டே போனார். பலகை இடுக்கில் சிக்கியிருந்த இன்னொரு துண்டை எடுத்துத் தட்டில் போட்டார். பொரபொரவென்று குமிழ் விட்டது, சுருங்கியது, கண் மூடித் திறப்பதற்குள் மூக்குச்சளி மாதிரி ஒரு பசையாகி அடியில் படிந்தது.

"மாப்பிள்ளை, இதுல என்ன ஊத்தியிருக்கீங்க?"

"பெட்ரோல்தான் மச்சான். ஏன், குடிக்கப் போறீங்களா? பசி அவ்வளவு முத்திடுச்சா?" சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை, எப்போதும் செய்கிற மாதிரியே, தட்டில் மிஞ்சியதைப் பலகையில் கவிழ்த்தார்.

பெட்ரோல் ஓடியது. சரிவில், வலது பக்கமாக, வளைந்து நெளிந்து, டீக்கடை மூலைக்கு வந்து, மேசைக்கால் பக்கத்து இடுக்கில் இறங்கியது. அண்ணனுக்கு அந்தப் பாதை நன்றாகத் தெரியும். எலுமிச்சம்பழம் வருகிற பாதை அது. எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பார். அடியில் இருப்பதோ தெர்மாகோல்.

கடப்பாரையை எடுத்தார். மேசையைத் தள்ளிவிட்டு மூலைப் பலகையை நெம்பினார். ஆணிகள் கிறீச்சிட்டன.

"மேசையை நகத்தச் சொன்னா மேடையை ஏன் பிரிக்கிற?" என்று தங்கச்சி ஓடி வந்தாள்.

அண்ணன் குப்புறப் படுத்தார். பழைய அண்ணனாக இருந்தால் அந்தச் சந்தில் தலை நுழைந்திருக்காது, அந்த மட்டுக்கும் வெள்ளரிக்காய்க்கு ஒரு நன்றி. உள்ளே பார்த்தார். கட்டையாக இருக்க வேண்டிய இடத்தில் குகை. பெட்ரோல் தின்று தின்று, ஓரமெல்லாம் பசையாகிக் கருத்து, மிச்சம் இருந்தது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியிலிருந்து, அலை தட்டத் தட்ட, வெள்ளை உருண்டைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கழன்று மிதந்தன.

தங்கச்சியும் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். உருண்டைகள் போகும் திசையில் அவள் கண் போனது. மேடைக்கு அடியிலிருந்து கோரைப் புதருக்கு, புதரிலிருந்து அவள் நட்ட பலகைக்கு, பலகையைத் தாண்டி எதிர்க்கரைக்கு. அங்கே நீலப் பெட்டியோடு தூண்டில்காரர்.

அவள் எழுந்து போய் இடது பக்கம் ஒரு பலகையை நெம்பினாள், நடுவில் ஒன்றை நெம்பினாள். அங்கெல்லாம் பெட்ரோல் படவில்லைதான். ஆனாலும் வெயிலும் அலையும் அரித்து, எலி குடைந்து, கை வைத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. ஏரிக்கு ஜவ்வரிசி சப்ளை செய்தது பிக்னிக் கூட்டமில்லை. சுத்தத்துக்கு உயிரை விடுகிற அவளுடைய சொந்த மேடைதான்.

மாப்பிள்ளை தகரத் தட்டைக் கையில் பிடித்தபடி திருதிருவென்று முழித்தார். அவர் பேசாமல் நின்று அந்த மேடை பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்போ..." அண்ணன் பலகையில் உட்கார்ந்தபடியே கேட்டார், குரல் சின்னதாகிவிட்டது. "நான் இல்லையா?"

"நீ இல்லண்ணே" என்றாள் தங்கச்சி. "நீ இல்லவே இல்ல. நாங்கதான்." அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் தொங்கிய சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். "மிஷினைப் போய் கெட்டுப்போச்சுன்னு சொன்னேனே, பாவி நான்."

அண்ணனுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே விட்டார். தங்கச்சிக்கும் அது தொற்றிக்கொண்டது. அண்ணன் தங்கை இருவரும் மேடை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும், "மேடை ஏற்கனவே வலுவில்ல, கொஞ்சம் பாத்துச் சிரிங்க" என்றார்.

"நீங்க பேசாதீங்க" என்றார்கள் இரண்டு பேரும்.

தங்கச்சி தப்பை ஒப்புக்கொண்டால் அதையும் தப்பில்லாமல்தான் செய்வாள். முதல் வேலையாக ஒரு கிளாஸ் டீயை மூடி போட்டு எடுத்துக்கொண்டு, வாத்து உருவத்தில் இருக்கும் மிதிபடகில் ஏறி, ஒற்றை ஆளாக மிதித்து எதிர்க்கரைக்குப் போனாள். அவள் அங்கே என்ன சொன்னாள் என்று இங்கே கேட்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது வாத்துக்குள் தூண்டில்காரர் உட்கார்ந்திருந்தார், மடியில் நீலப் பெட்டி, முகத்தில் பட்டம் வென்ற களை.

"வெயில்ல இன்னும் வெளுக்கலம்மா" என்றார் இறங்கும்போது. அவ்வளவுதான், அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. பெட்டியை மட்டும் மறுநாளே வீட்டில் வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தார்.

துறையை மூடினார்கள். விடுமுறைக் கூட்டத்துக்கு முதல் வாரம் ஏமாற்றம், வேறு வழியில்லை. மேடையைச் சுற்றிக் கண் பொடியான வலையை வளைத்துக் கட்டினார்கள், ஒரு உருண்டையும் தப்பக்கூடாது என்று. துண்டு துண்டாகப் பிரித்துக் கரைக்கு இழுத்தார்கள். தண்ணீர் குடித்து ஊறிய தெர்மாகோல் கட்டை ஒவ்வொன்றும் என்ன கனம். "இதைத்தான் என் கனம்னு சொன்னீங்க" என்று ஒவ்வொரு கட்டைக்கும் அண்ணன் சொல்லிக் காட்டினார், மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார். எல்லாவற்றையும் தார்ப்பாயில் சுற்றிக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பினார்கள்.

கோரைப் புதரைச் சுத்தம் செய்வதுதான் பெரும்பாடாக இருந்தது. வலையில் அள்ளினால் சேறும் வந்தது, கையில் பொறுக்கினால் விடியவே விடியாது. அண்ணன் போய்த் தன் டீ வடிகட்டிகளை எல்லாம் கொண்டுவந்தார். பெரியது, சிறியது, பிடி உடைந்தது. தண்ணீரை ஏந்தி வடித்தால் உருண்டை மட்டும் நின்றது. அப்புறம் என்ன, முழங்கால் தண்ணீரில் நின்று நாலு பேரும் ஏரியை வடிகட்டினார்கள். படகுக்கு வந்து ஏமாந்த பிள்ளைகளும் இறங்கிக்கொண்டார்கள். யார் வாளி முதலில் நிறைகிறது என்று போட்டி வேறு. பெற்றவர்கள் கரையில் நின்று, "போதும் வாங்கடா" என்று கத்தினார்கள், ஒருவனும் காதில் வாங்கவில்லை. நீர்க்கோழி ஒரு ஓரமாக நின்று, தன் வீட்டுக்குள் இத்தனை பேருக்கு என்ன வேலை என்பதுபோல் சத்தம் போட்டது.

புது மேடைக்கு அடியில் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிகள் வந்தன. உள்ளே தெர்மாகோல் மாதிரி நுரைக்கட்டை இருந்தாலும் நாலு பக்கமும் மூடி முத்திரை வைத்தது. அலை தொடாது, எலி நுழையாது. மாப்பிள்ளையின் வேலைமேசை கரைக்குப் போனது. எங்கே என்கிறீர்களா? வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், நல்ல நிழல், கழிப்பறைப் பின்சுவரைப் பார்த்தபடி. கீழே சிந்தாமல் பிடிக்க ஒரு அகலத் தட்டு. பெட்ரோல் டேங்கை அங்கே நிரப்பி, மோட்டாரைத் தோளில் சுமந்து மேடைக்குக் கொண்டுவர வேண்டும். "உடம்பு இளைக்கும் மாப்பிள்ளை" என்று அண்ணன் ஆறுதல் சொன்னார்.

மேடை திறக்கும் நாள் காலையில் மேசை பழைய மூலையிலேயே நின்றது. மூன்று பக்கமும் தண்ணீர். பாய்லரில் ஆவி. அண்ணன் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டு, பெல்ட்டைப் பழைய ஓட்டைக்கே தளர்த்திவிட்டு, தன் இடத்தில் காலை அகற்றி நின்றார். தூண்டில்காரர் ஸ்டூலில். மாப்பிள்ளை மூச்சிரைக்க ஒரு மோட்டாரோடு. தங்கச்சி கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, குனிந்து, நடுப் பலகையில் வைத்துக் கையை எடுத்தாள்.

எல்லோரும் அதையே பார்த்தார்கள். பழம் லேசாக ஆடியது. ஒரு மிதிபடகின் அலை வந்து போனது. பழம் மறுபடி ஆடி, வைத்த இடத்திலேயே நின்றது.

"அண்ணே, கொஞ்சம் குதி" என்றாள் தங்கச்சி.

அண்ணன் குதித்தார். கிளாஸ்கள் கிலுகிலுவென்றன, தூண்டில்காரர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார், பழம் நின்ற இடத்திலேயே நின்றது.

தங்கச்சி நிமிர்ந்தாள். "இத்தனை நாளா உன்னைப் பாரம்னு சொல்லிட்டேண்ணே" என்றாள். "மனசுல வச்சுக்காத."

அண்ணன் வந்து அந்தப் பழத்தை எடுத்தார், மேசையில் வைத்து இரண்டாக வெட்டினார், ஒரு பாதியைத் தங்கச்சியின் டீயில் பிழிந்தார்.

"என்ன மச்சான், இருந்த ஒரே சாட்சியையும் வெட்டிட்டீங்க" என்றார் மாப்பிள்ளை.

மற்ற பாதியை அண்ணன் அவர் கிளாஸில் பிழிந்தார். சர்க்கரை போடவில்லை.